செகண்ட் லைஃபில் அவதாருக்கு உடை: வாங்குவதும் நாமே செய்வதும்

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் நீங்கள் சேர்ந்து சில வாரம் ஆகிறது. அதன் இணையக் கடையான மார்க்கெட்பிளேஸில் வாங்கிய மேல்சட்டை சரியாக உட்காரவில்லை, தோள்பக்கம் துணியைக் கிழித்துக்கொண்டு தோல் வெளியே வருகிறது. காசை வீணாக்காமல் உடை தேடுவது எப்படி என்பது முதல் கேள்வி. போட்டோஷாப் ஓரளவு தெரியும், முப்பரிமாண மென்பொருள் எதையும் தொட்டதில்லை, அப்படியிருந்தும் நானே உடை செய்ய முடியுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது: உங்கள் அவதார், அதாவது அங்கே உங்களுக்காக நடமாடும் உருவம், இப்போது எந்த உடலைப் போட்டிருக்கிறது? அதை நீங்கள் எழுதவில்லை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் எழுதுவதில்லை, ஏனென்றால் உடல்களில் வகை இருக்கிறது என்பதையே யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பல வருடங்களாக அங்கே பெண்களுக்கான உடைகள் செய்து விற்கிறேன். என் கடைக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒன்றிலிருந்துதான் கிளம்புகிறது.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் 2003இல் செகண்ட் லைஃபைத் திறந்தபோது எல்லோருக்கும் ஒரே அடிப்படை உடல்தான். சட்டை, கால்சட்டை, சாக்ஸ் எல்லாமே அந்த உடலின் தோல்மேல் பூசிய படங்கள். பாவாடை, காலர், நகை போன்றவற்றை பிரிம் என்ற எளிய வடிவங்களைச் சேர்த்துக் கட்டி உடம்பில் மாட்டிக்கொண்டார்கள். 2011இல் மெஷ் வந்தது. வெளியே ஒரு மென்பொருளில் செய்த மாடலை உள்ளே ஏற்றி, அவதாரின் எலும்புக்கூட்டோடு பிணைத்து, உடம்போடு சேர்ந்து அசையும்படி செய்ய முடிந்தது. ஆனால் அந்த உடைகள் உங்கள் உருவத்துக்கு ஏற்ப விரியவோ சுருங்கவோ செய்யாது. அதனால் உடை செய்பவர்கள் தங்களுக்குள் பேசி, மிகச் சிறியதிலிருந்து பெரியது வரை ஐந்து பொது அளவுகளை வைத்துக்கொண்டார்கள். 2014இல் ஃபிட்டட் மெஷ் வந்தபிறகு உடைகள் உருவ ஸ்லைடர்களுக்கு, அதாவது உடம்பின் அளவுகளை நாம் மாற்றும் பட்டைகளுக்கு, கட்டுப்பட்டு மாறத் தொடங்கின. அதே காலத்தில் பழைய அடிப்படை உடலை மறைத்துவிட்டு, தனியார் கடைகள் செய்த முழு மெஷ் உடலை மாட்டிக்கொள்ளும் பழக்கம் பரவியது. மைத்ரேயா லாரா, பெலேசா, லெகசி, ரீபார்ன் என்று நீங்கள் கடைகளில் பார்க்கும் பெயர்கள் எல்லாம் இப்படிப்பட்ட உடல்களின் பெயர்கள்.

ஒவ்வொரு உடலுக்கும் இடுப்பு வளைவு, மார்பின் இடம், எலும்போடு தோல் பிணைந்திருக்கும் விதம் எல்லாமே வேறு. ஆகவே லாராவுக்குத் தைத்த சட்டை லெகசிக்குப் பொருந்தாது. இதில் ‘கொஞ்சம் பொருந்தும்’ என்பது அபூர்வம். மார்க்கெட்பிளேஸிலோ 2005இல் பூசிய சட்டையும், 2012இல் ஐந்து அளவில் வந்த சட்டையும், போன வாரம் வந்த சட்டையும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். தலைப்பில் ‘ஸ்டாண்டர்ட் சைஸ்’ என்று மட்டும் இருந்து எந்த உடலின் பெயரும் இல்லையென்றால், அது பெரும்பாலும் அந்தப் பழைய ஐந்து அளவுக் காலத்தது. நீங்கள் வாங்கியது அப்படி ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். படத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் தோள்பக்கம் தோல் வெளியே வருவது வேறொரு உடலுக்கான உடையின் முதல் அடையாளம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் பொருள்களின் பட்டியலான இன்வென்ட்டரியில் ‘வோர்ன்’ பகுதியைத் திறந்து, மாட்டியிருப்பவற்றில் உடலின் பெயரைத் தேடுங்கள். லிண்டன் லேப் 2023இல் தந்த சென்ரா உடல் இருக்கலாம். மெஷ் உடலே இல்லாமல் பழைய அடிப்படை உடலோடு நீங்கள் நடமாடிக்கொண்டும் இருக்கலாம். பெயர் தெரிந்ததும் அதைச் சேர்த்துத்தான் தேட வேண்டும். ‘மேல்சட்டை’ என்று தேடாதீர்கள், ‘இன்ன உடல் மேல்சட்டை’ என்று தேடுங்கள்.

இன்னும் உடல் வாங்கவில்லையென்றால் என் கருத்து இது, இதில் மாற்றுக் கருத்துள்ளவர்கள் நிறைய பேர் உண்டு: உருவம் அழகாக இருக்கிறதே என்று உடலை வாங்காதீர்கள், அதற்கு எவ்வளவு உடை கிடைக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஒரு நல்ல உடலின் விலை, அங்கே புழங்கும் பணமான லிண்டன் டாலரில், சில ஆயிரம். வெகுகாலமாக ஓர் அமெரிக்க டாலருக்குச் சுமார் 250 லிண்டன் டாலர் என்ற அளவில்தான் மாற்று விகிதம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆக உடல் ஒருமுறைச் செலவு, அதற்கான உடை தொடர் செலவு. நீங்கள் விரும்பும் இரண்டு மூன்று கடைகளுக்குப் போய், புதிதாக வந்த உடைகளின் பெட்டிமேல் எந்தெந்த உடல்களின் பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எந்த உடல் முன்னணியில் இருக்கிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அதனால் நான் ஒரு பெயரைச் சொல்வதைவிட அந்தப் பெட்டிகள் சொல்வதே சரியான தகவல். ஆண் உடல்களுக்கு நான் செய்ததில்லை. அவற்றுக்கான கடைகள் குறைவு என்பது தெரியும், எது நல்லது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

வாங்குவதற்கு முன் டெமோ, அதாவது போட்டுப் பார்ப்பதற்கான மாதிரி. இது இல்லாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஒழுங்கான கடை எதுவானாலும் டெமோவை இலவசமாகவோ ஒரு லிண்டன் டாலருக்கோ தரும். டெமோவே இல்லாத உடையை நான் தொடுவதில்லை. டெமோவை மாட்டியதும் நேராக நின்றபடி பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், அந்த நிலையில் எந்த உடையும் நன்றாகத்தான் தெரியும். உங்கள் வழக்கமான நடை, நிலை அசைவுகளை ஓடவிடுங்கள். நாற்காலியில் உட்காருங்கள். கையைத் தூக்கும் ஒரு நடனத்தைப் போட்டு, கேமராவை அக்குளுக்குக் கொண்டுபோங்கள். குட்டைப் பாவாடையென்றால் உட்கார்ந்த நிலையில் இரண்டு தொடைக்கும் நடுவே துணி எப்படி மடிகிறது என்று பாருங்கள். மட்டமாகச் செய்த உடை இந்த இரண்டு இடங்களில்தான் மாட்டிக்கொள்ளும். சரியான உடலுக்கான உடையிலும் சில இடத்தில் தோல் எட்டிப் பார்க்கலாம், அதற்காக உடனே ஒதுக்கிவிட வேண்டாம். உடலோடு வரும் ஹட் என்ற கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து, துணிக்குள் இருக்கும் பகுதியை மட்டும் மறைத்தால் சரியாகிவிடும். பல உடைகள் இதைத் தானாகவே செய்யும்.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஆனால் புதியவர்களை அழவைக்கும் விஷயம். ஒரு உடையை இரட்டை கிளிக் செய்தால், அதே இணைப்புப் புள்ளியில் ஏற்கெனவே இருப்பது கழன்றுவிடும். தலைமுடி போகும், சில சமயம் உடலே போகும். வலது கிளிக் செய்து ‘ஆட்’ கொடுத்தால் இருப்பதோடு சேரும். எப்போதும் ஆட். மொத்தம் 38 பொருள்கள் வரை ஒரே நேரத்தில் மாட்டலாம்.

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நிறம் மட்டும் என்றால் பெரும்பாலும் சில நூறு லிண்டன் டாலர். எல்லா நிறமும் அடங்கிய ஃபேட்பேக் அதைப்போலப் பல மடங்கு. முதல் வருடத்தில் ஃபேட்பேக் பக்கமே போக வேண்டாம். வார இறுதிகளில் நல்ல கடைகள்கூட ஓரிரு பொருள்களை 50, 60, 75 லிண்டன் டாலருக்குத் தருகின்றன, என்னென்ன வருகிறது என்று செராஃபிம் தளத்தில் படங்களோடு பார்க்கலாம். லிண்டன் லேபே நடத்தும் ‘ஷாப் அண்ட் ஹாப்’ நாள்களில் கலந்துகொள்ளும் கடைகள் இலவசப் பரிசு வைக்கும், அவற்றில் தரமானவை நிறைய. கடைகளின் குழுவில் சேர்ந்தாலும் பரிசு கிடைக்கும், சில குழுக்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு பொருளிலும் நகல், மாற்றம், கைமாற்று என்று மூன்று அனுமதிகள் எழுதியிருக்கும். உடைகளில் பெரும்பாலும் நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்க முடியாது. அதனால் தோழிக்கு வாங்குவதென்றால் உங்கள் பெயரில் வாங்கிவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், வாங்கும்போதே பரிசாக அனுப்பும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முடியும். போட்டோஷாப் மட்டும் தெரிந்தால் தொடங்க வேண்டிய இடம் தோல்மேல் பூசும் உடை. மெஷ் உடல்கள் வந்தபோது பழைய பூச்சு உடைகள் அவற்றின்மேல் வேலை செய்யவில்லை. உடல் செய்பவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல தோல்களை அடுக்கிச் சமாளித்தார்கள், அதனால் அவதார்கள் கணினிக்குச் சுமையாகிக் கனத்துப்போயின. 2019இல் ‘பேக்ஸ் ஆன் மெஷ்’ வந்து அதை மாற்றியது. சட்டை, உள்ளாடை, டாட்டூ என்ற எல்லா லேயரையும் லிண்டன் லேபின் சர்வர் ஒரே படமாகச் சேர்த்து மெஷ் உடலின்மேல் நேரடியாகப் போடுகிறது. ஆகவே உடம்போடு ஒட்டிய பனியன், லெகிங்ஸ், ஸ்டாக்கிங், நீச்சலுடை, சரிகை உள்ளாடை எல்லாவற்றையும் நீங்கள் இன்றே செய்ய ஆரம்பிக்கலாம். பழைய உடலின் டெம்ப்ளேட்டுகள், அதாவது உடலின் தோலைத் தட்டையாக விரித்துக் காட்டும் படங்கள், இணையத்தில் இலவசம். ராபின் வுட் செய்த டெம்ப்ளேட்டுகளில் எந்தக் கோடு உடம்பில் எங்கே வருகிறது என்பது தெளிவாகக் குறித்திருக்கும்.

கோடு போட்ட ஒரு பனியனை எடுத்துக்கொள்வோம். டெம்ப்ளேட்டில் மார்புப் பக்கமும் முதுகுப் பக்கமும் தனித்தனித் துண்டுகள், இரண்டும் விலாவில் சந்திக்கின்றன. தாளில் நேராகக் கோடு போட்டால் உடம்பில் மார்புக்கு மேல் வளைந்து, விலாவில் முன்கோடும் பின்கோடும் ஒன்றையொன்று தவறவிடும். டெம்ப்ளேட்டின் கட்டங்களைப் பின்பற்றி, மார்பு இடத்தில் எதிர்ப்பக்கம் வளைத்து வரைய வேண்டும், இரு ஓரத்திலும் ஒரே கட்டத்தில் ஒரே நிறம் முடிய வேண்டும். அடுத்தது, கழுத்து ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். புதியவர்களின் வேலையை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பது இந்த வெள்ளைக் கோட்டை வைத்துத்தான். துணி இல்லாத இடத்தைப் போட்டோஷாப் வெள்ளையாக நினைத்துக்கொள்வதால் வருவது அது. துணியின் நிறத்தையே ஓரத்தைத் தாண்டி கீழ் லேயரில் பரப்பிவிட்டு, துணியின் வடிவத்தை, எந்த இடம் தெரிய வேண்டும் என்று சொல்லும் தனி ஆல்ஃபா சேனலில் வைத்து, 32 பிட் டிஜிஏ கோப்பாகச் சேமித்தால் கோடு மறைந்துவிடும். ஒளி ஊடுருவும் பகுதியே இல்லாத படத்துக்கு ஆல்ஃபா சேனலை வைக்காதீர்கள், மெஷ் உடையில் அது தேவையில்லாமல் முன்னும் பின்னும் மாறித் தெரியும்.

1024 பிக்சல் வரையிலான படம் ஒன்றை ஏற்ற 10 லிண்டன் டாலர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். படம் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் ‘லோக்கல்’ என்று ஒன்று இருக்கும். அதில் உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை இணைத்துவிட்டால், போட்டோஷாப்பில் சேமிக்கச் சேமிக்க அவதாரின்மேல் மாறிக்கொண்டே வரும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். எல்லாம் சரியான பிறகு ஒரே முறை ஏற்றுங்கள்.

இதற்கு அடுத்த படி முழு அனுமதி டெம்ப்ளேட். வேறொருவர் மெஷ் உடையைச் செய்து, பல உடல்களுக்குப் பிணைத்து, மாடலைத் தட்டையாக விரித்துக் காட்டும் யூவி வரைபடத்தோடும் நிழல் படத்தோடும் விற்பார். நீங்கள் துணி, நிறம், தையல், பொத்தான் எல்லாம் வரைந்து உங்கள் பெயரில் விற்கலாம். கடைகளில் பார்க்கும் உடைகளில் கணிசமானவை இப்படி வந்தவை, இதில் தாழ்வு எதுவும் இல்லை. துணியை உண்மையாகத் தெரியவைக்கும் கை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. டெனிமின் மங்கிய மடிப்பும் பட்டின் ஓரப் பளபளப்பும் வரைபவரின் திறமைதான். 2013இல் வந்த நார்மல், ஸ்பெகுலர் படங்களும், 2024இல் வந்த பிபிஆர் முறையும் துணியின்மேல் ஒளி விழும் விதத்தைக் கட்டுப்படுத்த உதவுகின்றன. ஆனால் டெம்ப்ளேட்டின் உரிமத்தை வரிக்கு வரி படியுங்கள். முழு அனுமதியோடு மறுபடி கொடுக்கக் கூடாது என்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும், குறைந்தபட்ச விலை சொல்பவர்களும் உண்டு. ஒரே டெம்ப்ளேட்டை நூறு பேர் வாங்கியிருப்பார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

வடிவத்தையே நீங்கள் செய்ய வேண்டுமென்றால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள். அது இலவசம். துணி விழும் விதத்தை முதலில் மார்வலஸ் டிசைனர் என்ற மென்பொருளில் தைத்துப் பார்ப்பவர்கள் பலர், அதற்குப் பணம் கட்ட வேண்டும், கட்டாயமில்லை. வடிவம் செய்வது இதில் பாதி வேலைகூட இல்லை. மீதி முழுக்க வெயிட். துணியின் ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்போடு எவ்வளவு நகர வேண்டும் என்பதுதான் வெயிட். ஒரு புள்ளிக்கு நான்கு எலும்புகளுக்கு மேல் செகண்ட் லைஃப் ஏற்காது. உடலின் வெயிட்டைத் துணிக்கு நகலெடுக்கும் வசதி பிளெண்டரில் இருக்கிறது. இறுக்கமான சட்டைக்கு அது முக்கால்வாசி வேலையை முடித்துவிடும். தளர்ந்த உடைக்குத்தான் சிரமம். முழங்கால் வரை வரும் பாவாடையில் அப்படியே நகலெடுத்தால், நடுக்கோட்டுக்கு இடப்பக்கப் புள்ளிகள் இடது தொடையோடும் வலப்பக்கப் புள்ளிகள் வலது தொடையோடும் ஓடும். ஓர் அடி எடுத்து வைத்ததும் பாவாடை நடுவில் இழுபட்டு, கால்சட்டைபோல ஆகிவிடும். நடுவில் இருக்கும் புள்ளிகளுக்கு இரண்டு தொடையையும் இடுப்பையும் பகிர்ந்து கொடுத்து, கையால் மிருதுவாக்கிக்கொண்டே வர வேண்டும். இதைச் சுருக்கும் வழியை நான் பார்த்ததில்லை. அவாஸ்டார் போன்ற கட்டண இணைப்புகள் எலும்புக்கூட்டையும் ஏற்றுமதியையும் சுலபமாக்கும், வெயிட்டுக்கு உங்கள் கண்தான் வேண்டும்.

புடவை செய்ய முடியுமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். கட்டிய நிலையில் கொசுவத்தோடு செய்யலாம், பலர் செய்திருக்கிறார்கள். முந்தானை காற்றில் மிதப்பது வேறு விஷயம். செகண்ட் லைஃபில் மெஷ் துணி தானாக விழுந்து அலையும் வசதி கிடையாது, எலும்பு போகும் இடத்துக்குத்தான் துணி போகும். பழைய ஃபிளெக்ஸி பிரிம்கள் மட்டும் காற்றில் ஆடும், ஆனால் அவை உடம்புக்குள் புகுந்துவிடும். முந்தானையை முதுகோடு பிணைத்து, கையை அதிகம் தூக்காத நிலைகளுக்கு ஏற்றபடி வைப்பதே எனக்குத் தெரிந்த நல்ல வழி. முதல் உடையாக இதை எடுக்காதீர்கள்.

உடலுக்கான வேலைக் கோப்பு, அதாவது டெவ் கிட், உடல் செய்த கடையிடம் கேட்டு வாங்க வேண்டும். சிலர் விண்ணப்பத்தோடு உங்கள் முந்தைய வேலையையும் கேட்பார்கள், புதியவர்களுக்கு மறுக்கவும் செய்வார்கள். அதனால் சென்ராவில் தொடங்குங்கள், அதன் கிட்டை லிண்டன் லேப் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ரூத்2, ராத்2 என்ற திறந்த மூல உடல்களும் உண்டு. மெஷ் ஏற்றுவதற்குக் கணக்கில் பணம் செலுத்தும் விவரம் பதிந்திருக்க வேண்டும், அறிவுசார் சொத்துரிமை பற்றிய சிறு கேள்வித்தாளையும் முடிக்க வேண்டும். அதிதி என்ற சோதனைக் கிரிட்டில் போலிப் பணத்தில் ஏற்றிப் பார்க்கலாம், அங்கே திருப்தியான பிறகு உண்மையான இடத்துக்கு வாருங்கள். ஏற்றும் பெட்டியில் ஸ்கின் வெயிட்டைச் சேர்க்கும் குறியைப் போட மறந்தால் சட்டை உடம்போடு அசையாமல் விறைத்துத் தொங்கும். ஏற்றும் செலவைக் குறைக்க, தொலைவில் இருப்பவருக்குக் காட்டும் எளிய மாடலைப் பூஜ்யத்துக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கியவரின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், எதிரே தள்ளி நிற்பவருக்குச் சட்டை முக்கோணச் சில்லுகளாகத் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அளவுக்கு மீறி நுணுக்கமான மாடலும் வேண்டாம். 2016 முதல் ஒவ்வொருவரும் தங்கள் கணினிக்கு ஏற்ற கனத்தின் எல்லையை வைத்துக்கொள்ள முடிகிறது. அதைத் தாண்டும் அவதார் அவர்கள் திரையில் உடை எதுவும் தெரியாத வெறும் உருவமாகிவிடும்.

விற்கும் யோசனை இருந்தால், மார்க்கெட்பிளேஸ் விற்பனையில் 10 சதவீதம் பிடித்துக்கொள்ளும். உங்கள் சொந்தக் கடையில் விற்றால் கமிஷன் இல்லை, நிலத்துக்கு வாடகை உண்டு. உண்மையான பிராண்டுகளின் சின்னங்களை வரையாதீர்கள். கூகுளில் கிடைத்த துணிப் படத்தையும் எடுக்காதீர்கள், சொந்தமாக ஒளிப்படம் எடுத்த துணியோ உரிமம் வாங்கிய படமோ மட்டும் போதும். 2006இல் காப்பிபாட் என்ற நகலெடுக்கும் நிரல் பரவியபோது பல கடைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கடையையே மூடினார்கள். இன்றும் திருட்டு நகல்கள் வரத்தான் செய்கின்றன. டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி புகார் கொடுத்தால் லிண்டன் லேப் அந்தப் பொருளை நீக்கும், அதற்கு நீங்கள்தான் செய்தீர்கள் என்று காட்ட வேண்டியிருக்கும். லேயர் லேயராக இருக்கும் போட்டோஷாப் கோப்பையும், தேதியோடு இருக்கும் பிளெண்டர் கோப்புகளையும் ஒன்றுவிடாமல் முதல் நாளிலிருந்தே பத்திரமாக வைத்திருங்கள்.

உங்கள் உடலின் பெயரையும் அந்தச் சட்டைப் பெட்டிமேல் எழுதியிருப்பதையும் இங்கே பதிலாக எழுதுங்கள், அதற்கேற்ற டெமோக்கள் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன்.